பாராளுமன்றமும் நூதனசாலையும்: எங்கள் வகுப்பு கொழும்புக்குப் போன கதை

எமது பழைய மாணவிகள் சங்கம் முதன்முதலாகக் கூடிய காலத்தில் இலங்கையில் எந்தப் பெண்ணுக்கும் வாக்குரிமை இருக்கவில்லை. ஆண்களிலும் சொத்து, வருமானம், படிப்பு என்று ஏதாவது ஒன்றைக் காட்டக்கூடியவர்களுக்கே அது கிடைத்தது. நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேரளவில்தான் வாக்காளர். அன்று கூடியிருந்த ஆசிரியைகளும் பட்டம் பெற்ற பழைய மாணவிகளும் சட்டசபையைப் பற்றிப் பத்திரிகையில் வாசிக்கலாம், வீட்டில் விவாதிக்கலாம். அதற்கு ஒருவரை அனுப்புவதில் அவர்களுக்குப் பங்கில்லை.

1927இன் இறுதியில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அதே ஆண்டில் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றி, ஆணைக்குழுவின் முன் சென்று வாதாடியது. ஆணைக்குழு 1928இல் தந்த அறிக்கையில் ஆண்களுக்கு 21 வயதிலும் பெண்களுக்கு 30 வயதிலும் வாக்கு என்று எழுதியிருந்தது. பிறகு அந்த வேற்றுமையும் நீக்கப்பட்டு, 1931இல் இருபாலாருக்கும் 21 வயதில் சர்வசன வாக்குரிமை வந்தது. ஆசியாவில் இது முதலாவது. பிரான்ஸ் நாட்டுப் பெண்கள் இதற்கு 1944 வரையும், சுவிற்சர்லாந்துப் பெண்கள் தேசியத் தேர்தலில் வாக்களிக்க 1971 வரையும் காத்திருந்தார்கள்.

இந்தப் பெருமையைப் பாடப்புத்தகத்தில் நாங்கள் எல்லோரும் படித்தோம். ஆனால் யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு 1931இல் கையில் வந்த வாக்கைப் போடுவதற்கு ஆள் இருக்கவில்லை. டொனமூர் யாப்பு முழுச் சுயராச்சியத்தைத் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி அழைத்தது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் வேட்புமனுக் கொடுக்கவில்லை. அந்த நான்கு ஆசனங்களும் 1934இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை வெறுமையாகவே கிடந்தன. நாடு முழுவதற்கும் சுதந்திரம் கேட்டுச் செய்த மறுப்பு அது. ஓர் இனத்துக்காகச் செய்த மறுப்பல்ல. அதன் நியாயத்தைப் பற்றி இன்றும் வாதிடலாம். எங்கள் பூட்டிமாருக்கு வாக்குக் கிடைத்தும் மூன்று ஆண்டுகள் அதைப் பெட்டியில் போட முடியவில்லை என்பது மட்டும் வாதத்துக்கு இடமில்லாதது.

இவ்வளவையும் எங்களுக்குச் சொன்னவர் எங்கள் வரலாற்று ரீச்சர். நாங்கள் உயர்தர உயிரியல் வகுப்பினர். வரலாறு எங்கள் பாடமல்ல. ஆனாலும் 2002இல் பாதை திறந்தபோது, "வைத்தியம் படிக்கப் போகிறவர்களும் நாட்டைப் பார்க்கத்தான் வேணும்" என்று அதிபரிடம் வாதாடி, கலைப்பிரிவு மாணவியரோடு எங்களையும் சேர்த்துக் கொழும்புக்குக் கூட்டிச் சென்றவர் அவரே. இரு பிரிவிலுமாக இருபத்தாறு பேர் போனோம். இக்கட்டுரை அந்தப் பயணத்தைப் பற்றியது. அவர் அன்று சுட்டிக்காட்டியவற்றைப் பிற்காலத்தில் நாங்கள் தேடி வாசித்ததும் இதில் கலந்திருக்கிறது.

எங்கள் கல்லூரியில் இத்தகைய பயணம் புதிதல்ல. எங்கள் அம்மாமார் படித்த எழுபதுகளில், யாழ்தேவியில் ஏறிக் கொழும்புக்குப் போய் நூதனசாலையையும் காலிமுகத்திடலில் இருந்த பழைய பாராளுமன்றத்தையும் பார்த்துவிட்டு வருவது வழக்கம். இரயிலில் பாடியது, கோட்டைப் புகையிரத நிலையத்தில் ஒருத்தி செருப்பைத் தொலைத்தது என்று அவர்களுக்கு ஆயிரம் கதைகள் உண்டு. 1983க்குப் பிறகு பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் துணியவில்லை. 1990 யூனுடன் இரயிலும் நின்றது, ஏ9 வீதியும் அடைபட்டது. அதன் பிறகு கொழும்பு என்பது கிளாலியில் இரவு வள்ளம் ஏறியோ, பின்னாளில் திருகோணமலைக்குக் கப்பல் ஏறியோ, 'பாஸ்' எடுத்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகும் ஊராகிவிட்டது. சுற்றுலாவுக்கு யார் போவார்? எனவே எங்களுக்கு முந்திய இருபது ஆண்டு மாணவியருக்கு இந்தப் பயணம் வாய்க்கவில்லை. அவர்களில் எங்கள் அக்காமாரும் சித்திமாரும் இருக்கிறார்கள். இம்மலரை வாசிக்கும்போது அவர்கள் எங்கள்மேல் பொறாமைப்பட்டால் அது நியாயமானதே.

2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏப்ரல் 8இல் முகமாலை திறந்தது. தாய்லாந்தில் முதற்சுற்றுப் பேச்சு முடிந்த சில வாரங்களில் நாங்கள் புறப்பட்டோம். முகமாலையில் இராணுவத்தின் சோதனை, பளையில் புலிகளின் சோதனை, ஓமந்தையில் மறுபடியும் இரண்டு. ஒவ்வொரு இடத்திலும் பையை இறக்கி, அடையாள அட்டையைக் காட்டி, வரிசையில் நின்று, மீண்டும் ஏறினோம். அந்த நாட்களில் அரசாங்க நேரமும் வன்னி நேரமும் வேறு வேறு. அரசாங்கம் 1996இல் மணிக்கூட்டை முன்தள்ளியது. வன்னியில் அதை ஏற்கவில்லை. முகமாலையில் எட்டு மணி என்றால் பளையில் ஏழரை. "அரை மணித்தியாலம் லாபம்" என்று ஒருத்தி சொல்ல, "ஓமந்தையில் திருப்பிக் கட்டவேணும்" என்றாள் மற்றவள். இருபுறமும் பனைகள் தலையின்றி நின்றன. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகளுக்கு அப்பால் வீதியை விட்டு ஒரு அடியும் இறங்கவேண்டாம் என்று ரீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கிளிநொச்சி தாண்டும்வரை பஸ்சில் சத்தமே இல்லை.

கொழும்பில் வெள்ளவத்தையில் தங்கினோம். மறுநாள் புதன்கிழமை நூதனசாலை, வியாழக்கிழமை பாராளுமன்றம் என்று ஒழுங்கு. வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலை பூட்டு. அதற்கு ஒரு கதை சொல்வார்கள். இந்தக் கட்டடத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர் வாப்பிச்சி மரிக்கார் என்னும் முஸ்லிம் பெரியவர். திறப்பு விழாவில் ஆளுநர் "உமக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டபோது, தமக்கென்று எதையும் கேளாமல், ஜும்ஆ நாளில் இது பூட்டியிருக்கவேண்டும் என்று கேட்டாராம். கதை நடந்தபடிதானோ தெரியாது, வெள்ளிக்கிழமைப் பூட்டு மெய்யாகவே நெடுங்காலம் இருந்தது.

போகும் வழியில் காலிமுகத்திடலில் பஸ்சை மெதுவாக்கச் சொன்னார் ரீச்சர். கடலைப் பார்த்தபடி தூண்களோடு நிற்கும் அந்தக் கட்டடம் 1930 சனவரியில் திறக்கப்பட்டது. 1931 முதல் அரசாங்க சபை, 1947 முதல் பிரதிநிதிகள் சபை, 1972 முதல் தேசிய அரசுப் பேரவை என்று பெயர்கள் மாறினாலும் 1982 வரை சட்டம் ஆக்கப்பட்டது அங்கேதான். இப்பொழுது சனாதிபதி செயலகம் என்பதால் நிறுத்தவோ இறங்கவோ அனுமதியில்லை. சன்னலோரம் இருந்தவர்கள் நன்றாகப் பார்த்தோம், மற்றவர்கள் எட்டிப் பார்த்தோம். அந்த ஐந்து நிமிடத்தில் ரீச்சர் ஒரு பெயரைச் சொன்னார்: நேசம் சரவணமுத்து.

எங்களில் ஒருத்திக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கவில்லை. 1931 நவம்பரில் அடலின் மொலமுரே இடைத்தேர்தலில் வென்று அரசாங்க சபையின் முதற் பெண் உறுப்பினரானார். சில மாதங்களில், 1932இல், கொழும்பு வடக்கு இடைத்தேர்தலில் வென்று இரண்டாவது பெண்ணாக அங்கு நுழைந்தவர் நேசம் சரவணமுத்து. இலங்கைச் சட்டசபையில் அமர்ந்த முதற் தமிழ்ப்பெண் அவர். அவருடைய கணவர் மருத்துவர் இரத்தினசோதி சரவணமுத்து அத்தொகுதியில் 1931இல் வென்றவர். தேர்தல் மனுவில் பதவியிழந்தபின் மனைவி போட்டியிட்டார். கணவர் பின்னர் 1937இல் கொழும்பின் முதலாவது மாநகர முதல்வரானார். கிரிக்கெட் பார்ப்பவர்கள் 'பி. சரா' மைதானம் என்று சொல்வார்களே, அது இக்கணவரின் சகோதரருடைய பெயரில் உள்ளது. சகோதரரின் பெயர் ஒரு மைதானத்துக்கு, கணவரின் பெயர் நகர வரலாற்றில்; அம்மையாரின் பெயர் எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக்கூட இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தின் நான்கு கதிரைகளும் வெறுமையாக இருந்த அதே காலத்தில், அதே மண்டபத்தில், ஒரு தமிழ்ப்பெண் அமர்ந்திருந்தார். அவரை அனுப்பியவர்கள் கொழும்பு வடக்கின் துறைமுகத் தொழிலாளரும் சிறு கடைக்காரரும், சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் எல்லோருமாக. இந்த இரண்டையும் சேர்த்து நினைக்க எங்களுக்கு அன்று நேரம் கிடைக்கவில்லை. பஸ் கொள்ளுப்பிட்டிப் பக்கம் திரும்பிவிட்டது.

இன்னொரு பெயரை மருத்துவர்களாகிய நாங்கள் பிறகு தேடி அறிந்தோம். மேரி இரத்தினம் அம்மையார் கனடாவில் பிறந்து மருத்துவம் கற்று, 1896இல் யாழ்ப்பாண மிஷன் பணிக்கென்று இலங்கைக்கு வந்தவர். ஒரு தமிழரை மணந்ததால் மிஷன் அவரை விலக்கியது. யாழ்ப்பாணம் இழந்த மருத்துவர் கொழும்பில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார், மாதர் சங்கங்களைக் கட்டினார், வாக்குரிமை இயக்கத்தில் முன் நின்றார். 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். 1958இல் மகசேசே விருதும் பெற்றார். எதிர்ப்பக்கத்தில் நின்றவர்களிலும் நம்மவர் உண்டு. 1913இல் யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கென்று ஒரு சிறந்த கல்லூரியை நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதன், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்று வாதிட்டார். படிக்க வைப்பது வேறு, முடிவெடுக்க விடுவது வேறு என்று அந்தத் தலைமுறையின் பெரியவர்கள் பலர் எண்ணினார்கள். அவரை இன்று திட்டுவது எங்கள் நோக்கமல்ல. அந்தக் கல்லூரியில் படித்த பெண்களே பின்னர் வாக்களித்தார்கள், ஆசிரியைகளானார்கள், எங்களுக்கும் கற்பித்தார்கள்.

நூதனசாலை 1877 சனவரி 1இல் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் திறக்கப்பட்டது. முற்றத்தில் அவர் சிலையாக நிற்கிறார். வெள்ளைக் கட்டடமும் பெரிய மரங்களும் கண்ணுக்குக் குளிர்ச்சி. நாங்கள் வரிசையாக உள்ளே போனோம். கண்டி அரசரின் சிம்மாசனத்தின் முன் கூட்டம் அதிகம். 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்தது, 1815இல் ஆங்கிலேயர் கைக்குப் போய் விண்ட்சர் மாளிகையில் இருந்தது, 1934இல் குளொஸ்டர் கோமகன் கொண்டுவந்து ஒப்படைத்தது. எங்கள் நான்கு ஆசனங்கள் நிரம்பிய அதே ஆண்டில் வெறுமையான ஒரு அரியாசனம் திரும்பி வந்திருக்கிறது! அதில் கடைசியாக இருந்த ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் வேலூர்ச் சிறையிலேயே 1832இல் இறந்துபோனான். பொலநறுவைச் சிவாலயங்களில் 1907, 1908இல் தோண்டியெடுத்த நடராசரையும் உமையையும் சுந்தரமூர்த்தி நாயனாரையும் கண்டபோது எங்களில் சிலர் தம்மையறியாமல் கைகூப்பினார்கள். காவலர் சிரித்தார். "பூ வைக்க வேண்டாம்" என்று சிங்களத்தில் சொன்னதாக ரீச்சர் மொழிபெயர்த்தார்.

ஆனால் ரீச்சர் எங்களைக் கூட்டி வந்தது இவற்றுக்காக அல்ல. கல்வெட்டுப் பகுதியில் ஒரு கற்பலகையின் முன் எல்லோரையும் நிறுத்தி, "வாசியுங்கோ" என்றார்.

காலி மும்மொழிக் கல்வெட்டு என்று அதற்குப் பெயர். ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பேரரசரின் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது; 1409ஆம் ஆண்டுத் தேதி பொறித்தது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்கரையின் தெவிநுவரையில் கோயில் கொண்ட தெனாவரை நாயனார் என்ற விஷ்ணுவுக்கும், பாரசீகத்தில் இஸ்லாமிய மரபுக்கும் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் முதலிய காணிக்கைகளைச் சமமாக எழுதி வைத்திருக்கிறது. 1911இல் காலியில் ஒரு பொறியியலாளர் இதைக் கண்டுபிடித்தபோது, எழுத்துப் பக்கம் கீழே கவிழ்ந்தபடி ஒரு மதகின் மேல்மூடியாகக் கிடந்தது. எத்தனையோ காலம் வண்டிகளும் மாடுகளும் அதன் முதுகில் நடந்திருக்கின்றன. கவிழ்ந்து கிடந்ததனாலேயே எழுத்து தப்பியது என்று சொல்லலாம்.

நாங்கள் வாசிக்க முயன்றோம். பதினைந்தாம் நூற்றாண்டு எழுத்து எங்களுக்குக் கைவரவில்லை. 'ம' ஒன்றும் 'ந' ஒன்றும் பிடித்தோம். ஒருத்தி 'நாயனார்' என்று முழுச் சொல்லையும் கூட்டி வாசித்தபோது கைதட்டினோம். சீனத்திலிருந்து வந்த ஒருவர் இலங்கையின் தென்கோடியில் நாட்டவென்று வெட்டுவித்த கல்லில் தமிழ் ஏன்? ரீச்சர் கேள்வியாகவே விட்டார். விடை எளிது. அன்றைய இந்துமாக்கடல் துறைமுகங்களில் வணிகத்தின் மொழிகளில் தமிழும் ஒன்று. காலித் துறைக்கு வருகிறவர்களுக்குப் புரியவேண்டும் என்றால் தமிழில் எழுதத்தான் வேண்டும். தயவுக்காக எழுதியதல்ல, தேவைக்காக எழுதியது. அரசகரும மொழிச் சட்டத்தின் கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இந்த வேறுபாடு உறைத்தது.

கல்லைப் பார்த்து உருகிவிடவும் கூடாது. காணிக்கை வைத்த அதே செங் ஹே, 1411 அளவில் இந்தத் தீவின் ஆட்சியாளன் ஒருவனுடன் போரிட்டு, அவனைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். அந்த ஆட்சியாளன் அழகக்கோனார் குடும்பத்தைச் சேர்ந்தவன். அந்தக் குடும்பப் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளும்படி ரீச்சர் சொன்னார். "நாளைக்குத் தேவைப்படும்."

தேவைப்பட்டது. மறுநாள் நாங்கள் சென்ற கோட்டே, அந்த அழகக்கோனார் குடும்பம் உண்டாக்கிய இடம். பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியின் வரி அதிகாரிகள் மேற்குக்கரை வரை வந்து இறை வாங்கினார்கள். அவர்களை விரட்டி, யாழ்ப்பாணப் படை மீண்டும் வந்தால் எதிர்த்து நிற்கவென்று சதுப்பு நிலத்தின் நடுவே அழகக்கோனார் கட்டிய அரண்தான் கோட்டே. பெயரே கோட்டை. அங்கிருந்து ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகுவின் காலத்தில், 1450 அளவில் செண்பகப் பெருமாள் படையெடுத்து வந்து யாழ்ப்பாணத்தை வென்றான். யாழ்ப்பாணத்துக்கு எதிராக எழுந்த கோட்டையின் பெயரை இன்று சுமந்து நிற்கும் நகரில், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இருபத்தாறு பேர் வெள்ளைச் சீருடையும் கழுத்துப்பட்டியும் அணிந்து சோற்றுப் பார்சலோடு போய் இறங்கினோம்.

ஜெஃப்ரி பாவா வடிவமைத்த கட்டடம் 1982 ஏப்ரல் 29இல் திறக்கப்பட்டது. சதுப்பு நிலத்தைத் தோண்டி ஏரியாக்கி, நடுவே எஞ்சிய தீவில் செப்புக் கூரைகளோடு எழுப்பியிருக்கிறார்கள். தியவன்னா ஓயாவின் நீரில் கூரை தெரிவது அழகு. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பைகளையும் பேனைகளையும்கூட வாங்கி வைத்துவிட்டு, பொதுமக்கள் கலரியில் எங்களை வரிசையாக இருத்தினார்கள். பேசக்கூடாது, கைதட்டக்கூடாது, காலின்மேல் கால் போடக்கூடாது. கீழே செங்கோல் வைக்கப்பட்டிருந்தது. சுதந்திரத்தின் பின் 1949இல் பிரித்தானியப் பொதுச்சபை அன்பளிப்பாகத் தந்தது. படைக்கலச் சேவிதர் அதைத் தோளில் தாங்கி வரும்போது சபை எழுந்து நிற்கும் என்று படித்திருந்தோம். நேரில் காண ஏதோ கோயில் திருவிழாபோல் இருந்தது.

இந்தப் புதிய மண்டபத்தில் வடக்கின் கதிரைகள் எவ்வளவு காலம் நிரம்பியிருந்தன? 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களை வென்றது. வடமாகாணத்தின் 14 தொகுதிகளும் அதற்கே கிடைத்தன. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். கட்டடம் திறந்து பதினைந்து மாதத்தில் 1983 யூலை வந்தது. ஓகஸ்டில் ஆறாவது திருத்தச் சட்டம் நிறைவேறியது. பிரிவினையை ஆதரிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்ய மறுத்து, சபைக்கும் போகாமல், கூட்டணியினர் ஒக்டோபரில் ஆசனங்களை இழந்தார்கள். 1989 தேர்தல்வரை யாழ்ப்பாணத்து ஆசனங்கள் வெறுமை. 1931இல் நாமே மறுத்ததால் வெறுமை. 1983இல் சத்தியம் கேட்கப்பட்டதால் வெறுமை. இரண்டு காலத்திலும் சபை கூடியது, சட்டங்கள் நிறைவேறின, அவை எங்கள்மேலும் செல்லுபடியாயின. எங்களில் பெரும்பாலானோர் பிறந்தது அந்த இரண்டாவது வெற்றிடக் காலத்தில். எங்கள் பிறப்பைப் பதிந்த காலத்தில் எங்கள் ஊருக்கென்று சபையில் ஒருவரும் இல்லை.

அன்று சபையில் ஒரு தமிழ் உறுப்பினர் எழுந்து தமிழில் பேசத் தொடங்கினார். யார், எதைப் பற்றி என்பது எங்கள் நினைவில் ஆளுக்கொரு விதமாக இருக்கிறது; மீன்பிடித் தடை என்று சிலர், மீள்குடியேற்றம் என்று சிலர். எல்லோருக்கும் ஒரேமாதிரி நினைவிருப்பது வேறொன்று. அவர் வாயைத் திறந்ததும் எதிர்ப்புறம் இருந்தவர்களில் சிலர் காதுக் கருவியை எடுத்து மாட்டினார்கள். சிலர் மாட்டவில்லை. மாட்டாதவர்களுக்கு தமிழ் தெரிந்திருக்கலாம் என்று கலைப்பிரிவுக்காரி ஒருத்தி பிறகு பஸ்சில் சொன்னாள். பஸ் முழுவதும் சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை. "மாட்டினவையை எத்தனை பேர் எண்ணினீங்கள்?" என்று கேட்டார். ஒருவரும் எண்ணியிருக்கவில்லை. மாட்டாதவர்களை மட்டும் எண்ணியிருந்தோம்.

சபையில் மும்மொழியிலும் பேசலாம், உடனுக்குடன் மொழிபெயர்ப்பு உண்டு. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியானது. 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. 1988இன் பதினாறாவது திருத்தம் அதை விரித்தது. சட்டத்தில் வந்தது கந்தோர் மேசைக்கு வந்துசேரவில்லை என்பதை இம்மலரை வாசிக்கும் யாருக்கும் நாங்கள் சொல்லத் தேவையில்லை. அரசாங்க வைத்தியசாலைகளில் வேலை செய்யும் எங்களுக்கு அது அன்றாடம் தெரியும். தெற்கில் பயிற்சிக்காலத்தில், வயிற்றுவலி என்று வந்த மலையகத் தாய் ஒருத்தி எந்த இடத்தில், எப்பொழுது, எப்படி வலிக்கிறது என்று சொல்ல, விடுதியில் அவள் மொழி தெரிந்தவர் துப்புரவுத் தொழிலாளி ஒருவரே. அவர் மொழிபெயர்க்க, நோயின் வரலாறு எழுதப்பட்டது. பாராளுமன்றத்தில் அந்த வேலைக்குத் தனியறையும் சம்பளமும் உண்டு. வைத்தியசாலை விடுதியில் தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தவர்தான் செய்யவேண்டியிருந்தது.

கலரியிலிருந்து நாங்கள் எண்ணிய இன்னொன்று பெண்கள். அன்று அவையில் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தவர்கள் மூன்று பேர். உறுப்பினர் தொகை 225. 1960இல் உலகின் முதற் பெண் பிரதமரைத் தந்த நாடு; நாங்கள் எண்ணிக்கொண்டிருந்த நாளிலும் சனாதிபதி ஒரு பெண். தலைக்கு ஒரு பெண்ணை வைப்பதில் எங்கள் நாட்டுக்குத் தயக்கமில்லை, இடைவரிசைகளில் இருத்துவதில்தான் தயக்கம் என்று தோன்றியது. ஆனால் தெற்கைக் குறைசொல்லிவிட்டு நாங்கள் தப்பமுடியாது. 1934இல் யாழ்ப்பாணத்து ஆசனங்கள் நிரம்பியது முதல் நாங்கள் கலரியில் இருந்த அந்த நாள்வரை, அறுபத்தெட்டு ஆண்டுகளில், யாழ்ப்பாணம் ஒரு பெண்ணைக்கூட அங்கு அனுப்பவில்லை. இந்தக் கணக்கு வெறுங்கதிரைக் கணக்கைவிட நீளமானது. இதற்குக் கொழும்பிலிருந்து யாரும் சட்டம் போடவில்லை. நாமே செய்தது.

2004இல் பத்மினி சிதம்பரநாதன் யாழ்ப்பாணத்தில் தெரிவானார். 2010இலிருந்து விஜயகலா மகேஸ்வரன் பத்தாண்டுகள் இருந்தார். 2020இல் யாழ் மாவட்டத்துக்குரிய ஏழு ஆசனங்களிலும், 2024இல் ஆறு ஆசனங்களிலும் ஆண்களே தெரிவானார்கள். அதே 2024இல் பாராளுமன்றப் பெண்களின் தொகை முதன்முறையாக இருபதைத் தாண்டியது. நுவரெலியாவும் பதுளையும் மலையகத் தமிழ்ப்பெண்களை அனுப்பின. பெண்கள் பள்ளிக்கூடங்கள் ஊருக்கு ஊர் இருக்கும் யாழ்ப்பாணம், பள்ளிக்கூடத்துக்கே மைல்கணக்கில் நடக்கவேண்டியிருந்த தோட்டங்களிடம் இதில் பின்தங்கி நிற்கிறது. நூற்றாண்டு கொண்டாடும் சங்கத்தில் இதைச் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

திரும்பும் வழியில் அனுராதபுரத்தில் இரவுச் சாப்பாடு. ஓமந்தையில் அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு முகமாலையில் மீண்டும் கொடுத்தோம். எங்களுக்கு அடுத்த மூன்று ஆண்டு மாணவியரும் இதே பயணத்தைப் போனார்கள். 2006 ஓகஸ்டில் முகமாலை மூடியது, பயணமும் நின்றது. அந்த இருபத்தாறு பேரில் இன்று யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் ஒன்பது பேர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் பதினொரு பேர். மற்றவர்கள் கொழும்பு, வவுனியா, மட்டக்களப்பு. 'நாயனார்' என்று கூட்டி வாசித்தவள் தமிழ் ஆசிரியையாகி வன்னிக்குப் போனாள். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவளைப் பற்றிய செய்தி இல்லை. அவளுடைய அம்மா இன்றும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் நிரப்புகிறார். அவற்றில் சில சிங்களத்தில் மட்டும் வருவதால் எங்களில் ஒருத்தி போய் இருந்து வாசித்துச் சொல்கிறாள்.

உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு நூற்றுக்கு இருபத்தைந்து என்ற ஒதுக்கீடு 2018 தேர்தலில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. காதுக் கருவி மாட்டாதவர்களுக்கு வக்காலத்து வாங்கிய கலைப்பிரிவுக்காரி அந்தத் தேர்தலில் நின்று பிரதேச சபை உறுப்பினரானாள். முதலாண்டு முழுவதும் குடிநீர்க் குழாயைப் பற்றியே பேசினாளாம். "பெண் பிள்ளை சமையலைத்தான் பேசும்" என்று ஒரு பெரியவர் சொன்னதற்கு, "ஓம் ஐயா, தண்ணியில்லாமல் நீங்கள் சமைச்சுக் காட்டுங்கோ" என்று சொன்னதாகக் கேள்வி. குழாய் வந்துவிட்டது.

நூற்றாண்டை முன்னிட்டு இவ்வாண்டு உயர்தர மாணவியரின் கொழும்புப் பயணச் செலவை எங்கள் வகுப்பு ஏற்றிருக்கிறது. கலை, விஞ்ஞானம், வர்த்தகம் மூன்று பிரிவும் சேர்ந்தே போகவேண்டும் என்பது எங்கள் நிபந்தனை. சபை அமர்வு உள்ள நாளாகப் பார்த்து அனுமதி கேட்கவேண்டும். வெறும் மண்டபத்தைப் பார்த்துவிட்டு வருவதில் பயனில்லை. எங்கள் ரீச்சர் எழுபதைத் தாண்டிவிட்டார், முழங்கால் வலி, ஆனாலும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். எழுபதுகளில் யாழ்தேவியில் போன வகுப்பினரிடம் அந்தப் பயணப் படங்கள் இருந்தால் சங்கச் செயலாளருக்கு ஒரு பிரதி அனுப்பி உதவவும். கல்லூரியில் இருந்தவை 1995 இடப்பெயர்வில் போய்விட்டன. படத்தின் பின்புறம் ஆண்டையும், தெரிந்த அளவுக்குப் பெயர்களையும் எழுதி அனுப்புங்கள்.